ஒரு உலைப் பாட்டு: பரட்டை அண்ணனின் ஜெபமும் நம் சபைகளின் சாதியும்

தோழர்களே, தமிழ்க் கிறித்தவர்களிடம் "உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு எது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் ஒரு கீர்த்தனையைச் சொல்வார்கள். இளையவர்கள் யூடியூபில் ஓடும் ஒரு பாட்டைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், ஜே. தியோபிலஸ் அப்பாவு கிராமிய மெட்டில் எழுதிய ஜெபப் பாட்டைச் சொல்வேன். இயேசு தன் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தை, சேரியில் பேசும் தமிழில், பறையடித்துப் பாடும்படி ஆக்கியவர் அவர். மாணவர்கள் அவரைப் 'பரட்டை அண்ணன்' என்று அழைத்தார்கள்.

அப்பாவு பிறந்தது 1940. ஆனால் இந்தப் பாட்டின் கதை அதற்கு 200 ஆண்டுகளுக்கும் முன்பே தொடங்கிவிட்டது. 'யார் கையால் கொடுப்பதை யார் வாங்கிச் சாப்பிடுவது?' என்ற கேள்வியிலிருந்து அது தொடங்குகிறது. கிறித்தவத்துக்குள் இருக்கும் சாதியைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் கல்லறைச் சுவரிலும் பங்குத் தகராறிலும் நின்றுவிடுகிறோம். பாட்டுக்குள்ளேயும் அந்த வரலாறு இருக்கிறது.

ராஜநாயக்கன் கையிலிருந்த கிண்ணம்

1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். சில ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அந்தப் புத்தகம் எங்கெங்கோ பயணமாகி, தஞ்சை அரசனின் படையில் இருந்த ஒரு வீரர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் பெயர் ராஜநாயக்கன். பறையர் சமூகத்தில் பிறந்தவர், அதுவரை கத்தோலிக்கராக இருந்தவர். தானே படித்து, தானே யோசித்து, 1720-களின் பிற்பகுதியில் தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்தார். பிறகு தஞ்சைப் பகுதியில் உபதேசியாராகப் பல ஆண்டுகள் உழைத்தார். அங்கே சபை வளர்ந்ததில் அவர் பங்கு பெரியது.

1733-ல் மிஷன் முதல்முறையாக ஒரு தமிழரை குருவாக அபிஷேகம் செய்தது. அவர் ஆரோன், வெள்ளாளர். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. தகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பறையர் ஒருவர் கையிலிருந்து வெள்ளாளக் கிறித்தவர்கள் திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் வாங்குவார்களா என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-ல் வேறொருவர் குருவானார். 1771-ல் இறக்கும்வரை ராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் பிரசங்கம் செய்யலாம், பாடம் சொல்லித்தரலாம், ஊர் ஊராக நடக்கலாம், அடி வாங்கலாம். கிண்ணத்தை நீட்டுவது மட்டும் கூடாது. சாதி நம் வார்த்தைக்கு வழிவிடும், நம் கைக்கு வழிவிடாது.

1829: ஒரே மனுவில் தமிழும் சாதியும்

அடுத்த காட்சி தஞ்சாவூர். இங்கே வருபவர் தமிழ்க் கிறித்தவ இசையின் மாபெரும் ஆள், வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வெள்ளாளர். சிறுவனாக இருந்தபோதே சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர், பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜிக்கு நெருக்கமானவர். 1800-ல் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குறவஞ்சி என்ற தமிழ் வடிவத்துக்குள் கிறித்துவின் கதையையும் கோப்பர்நிக்கஸின் வானவியலையும் ஒன்றாகக் கொண்டுவந்த துணிச்சல்காரர். இன்றைக்கும் தமிழ்நாட்டின் எந்த சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆலயத்துக்குள் நீங்கள் நுழைந்தாலும், கீர்த்தனைப் புத்தகத்தில் அவர் இருப்பார். ராகமும் தாளமும் மேலே அச்சிட்ட அந்தப் பாட்டுகள்தான் பல தலைமுறைகளாக நம் மக்களின் மனப்பாடம்.

1820-களில் ஆங்கிலிக்கச் சங்கங்களின் கீழ் புதிய மிஷனரிகள் தஞ்சைக்கு வந்தார்கள். பழைய லுத்தரன் மிஷனரிகள் பொறுத்துக்கொண்டிருந்த பலவற்றை மாற்ற முனைந்தார்கள். 1829-ல் சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தவர்களும் இதை எதிர்த்து எழுதினார்கள். புதிய மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவர்கள் சொன்ன குறைகள் இவை: பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், கலியாணத்திலும் சாவிலும் பூமாலையைத் தடுக்கிறார்கள், வழிபாட்டில் தமிழ் இசையை ஒடுக்குகிறார்கள், திருவிருந்தில் எல்லா சாதியாரையும் கட்டாயமாகக் கலக்கிறார்கள்.

முதல் மூன்றையும் படிக்கும்போது நாம் சாஸ்திரியார் பக்கம் நிற்போம். வெள்ளைக்காரன் வந்து உன் பாட்டைப் பாடாதே, உன் பூவை வைக்காதே என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் நான்காவது குறையில் இருக்கிற 'எல்லா சாதியார்' யார்? நாம்தான். நம்மோடு சேர்ந்து உட்கார்ந்து, நாம் குடித்த கிண்ணத்தில் குடிப்பதைத்தான் அவர்கள் கொடுமை என்றார்கள். தமிழ் இசையைக் காப்பாற்றிய அதே கை, அதே மனுவில், சாதி இருக்கையையும் காப்பாற்றப் பார்த்தது. சாதி மதத்தைச் சேர்ந்தது அல்ல, வெறும் உலக வழக்கம்தான் என்பது அவர்கள் வைத்த வாதம். இந்த வாதத்தை இன்றைக்கும் சபைக் கமிட்டிகளில் வேறு வார்த்தைகளில் கேட்கிறோம்.

1833 ஜூலையில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முழுமையாக ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் அது வாசிக்கப்பட்டபோது ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 1850-ல் சென்னை மிஷனரி மாநாடு இன்னொரு அடி எடுத்துவைத்தது. சாதியை விட்டதற்கு அடையாளம், எந்தச் சாதிக் கிறித்தவர் சமைத்தாலும் உட்கார்ந்து சாப்பிடுவது என்று தீர்மானித்தது. இதற்காக 'அன்பின் விருந்து' நடத்தினார்கள். லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் இதற்கு உடன்படவில்லை. சாதி விஷயத்தில் பொறுமை வேண்டும் என்றது. வெளியேறியவர்களில் பலர் அங்கே போய் ஒதுங்கினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடிதம் பேராயருடையது, மனு வெள்ளாளருடையது, தீர்மானம் மிஷனரிகளுடையது. இந்தச் சண்டை முழுவதும் நம்மைப் பற்றியது. ஆனால் நம் குரல் எந்தத் தாளிலும் தலைப்பாக வரவில்லை.

1853-ல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் பாட்டுகளைப் பெருமளவில் சேர்த்து ஒரு கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். பாட்டு ஊர் ஊராகப் பரவியது, சேரிக்கும் வந்தது. யாரோடு கிண்ணத்தைப் பகிர மாட்டோம் என்று 1829-ல் சொன்னார்களோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே பாட்டைக் கண்ணீரோடு பாடினார்கள். என் ஆயாவும் பாடினார்.

எந்தத் தமிழ்? யாருடைய இந்தியா?

1937-ல் சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. அடுத்த ஆண்டே, 1938 டிசம்பரில், அந்த வளாகத்தில் சர்வதேச மிஷனரி மாநாடு நடந்தது. இறையியல் படித்தவர்களுக்கு உலகம் முழுவதும் 'தாம்பரம்' என்றால் ரயில் சந்திப்பு நினைவுக்கு வராது, இந்த மாநாடுதான் வரும். மற்ற மதங்களோடு கிறித்தவத்துக்கு என்ன உறவு என்று அங்கே பெரிய விவாதம் நடந்தது. அதையொட்டி சென்னையைச் சேர்ந்த செஞ்சையா, சக்கரை போன்றவர்கள் கிறித்தவத்தை இந்திய மண்ணிலிருந்து மறுபடி சிந்திக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

நல்ல கேள்விதான். ஆனால் 'இந்திய மண்' என்று சொன்னபோது அந்தத் தலைமுறை கண்ட மண்ணில் ஆசிரமமும் வேதாந்தமும் இருந்தன. கர்நாடக இசையும் குத்துவிளக்கும் இருந்தன. கல்லூரிச் சுவரைத் தாண்டிய கிராமங்களில் கிறித்தவர்களாக இருந்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். அவர்களுடைய தாலாட்டும் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பறையும் யாருக்கும் 'இந்தியப் பண்பாடாக'த் தோன்றவில்லை. அன்று தொலைவில் இருந்த ஊர்களெல்லாம் இன்று புறநகர்களாகிவிட்டன.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அப்பாவு கேட்டது இதைத்தான். தலித் குடும்பத்தில் பிறந்த சி.எஸ்.ஐ. குரு அவர். பாமாலை வெள்ளைக்காரன் மெட்டு, கீர்த்தனை ஆதிக்க சாதி மெட்டு, அப்படியென்றால் சேரி மக்கள் கடவுளோடு தங்கள் குரலில் எப்போது பேசுவது? 'கிராமிய இசை வழிபாடு' என்ற முழு வழிபாட்டு முறையையே அவர் நாட்டுப்புற இசையில் அமைத்தார். கர்நாடக இசை பாட வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும், பியானோ வாங்கப் பணம் வேண்டும். நாட்டுப்புற இசைக்கு இரண்டும் வேண்டாம். இன்னொன்றும் முக்கியம்: பாடுகிற மக்கள் அதை மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஊரில் ஒரு வரி கூடும், இன்னொரு ஊரில் மெட்டு வளையும். அதை அவர் தவறாகப் பார்க்கவில்லை. மக்கள் தாங்களே இறையியல் செய்வதாகப் பார்த்தார். இவர் வேலையைப் பற்றி இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் 2014-ல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அப்பாவு 2005-ல் மறைந்தார்.

'பெத்தவரே' என்று கூப்பிடுவது

அவருடைய ஜெபப் பாட்டுக்கு வருகிறேன். வேதத்தில் அந்த ஜெபம் 'பிதா' என்று தொடங்குகிறது. நம்மில் யாராவது வீட்டில் அப்பாவைப் 'பிதாவே' என்று கூப்பிட்டிருக்கிறோமா? அப்பாவு அங்கே 'பெத்தவர்' என்ற சொல்லை வைத்தார். அது அப்பனும் ஆகும், ஆத்தாளும் ஆகும். ஆண் கடவுள், பெண் கடவுள் என்ற இறையியல் சண்டையை ஒரே ஒரு பேச்சுச் சொல்லில் தாண்டிவிட்டார்.

இன்னொரு கணக்கும் அதில் இருக்கிறது. நம்மைப் பெத்தவர் ஒருத்தர் என்றால் நாம் கூடப்பிறந்தவர்கள். கூடப்பிறந்தவர்கள் ஒரு வீட்டில், ஒரு அடுப்பில், ஒரே உலையில் வெந்ததைச் சாப்பிடுவார்கள். அப்பாவுவின் இறையியலுக்கு நடுவில் இருப்பது இந்த 'ஒரு உலை'தான். ஜெபத்தில் உணவு கேட்கும் இடத்தை அவர் இந்தக் கண்ணோடுதான் படித்தார். எனக்கு மட்டும் இன்றைக்குச் சோறு கொடு என்று அந்த ஜெபத்தில் ஒரு ஒருமைச் சொல் கூடக் கிடையாது, எல்லாம் 'எங்கள்', 'எங்களுக்கு'. பகிர்ந்து சாப்பிடும் குடும்பமாக எங்களை ஆக்கு என்பதுதான் அதன் பொருள்.

கல்லூரிக் காலத்தில் ஒரு இளைஞர் முகாமில்தான் இந்தப் பாட்டை முதலில் கற்றுக்கொண்டேன். கிழக்குத் தாம்பரத்தில் இருந்த வீட்டுக்கு வந்து ஆயாவிடம் பாடிக் காட்டினேன். ஆயா மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஏறக்குறைய அறுபது கீர்த்தனை மனப்பாடம். பாட்டைக் கேட்டுவிட்டு, "இது ஜெபம் பண்ற மாதிரி இல்லடி, கூப்புடற மாதிரி இருக்கு" என்றார். நான் படித்த இறையியல் விளக்கம் எதுவும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை.

ஆனால் சர்ச்சில் பறையோடு பாடப் போகிறோம் என்றதும் முகம் மாறிவிட்டது. "சாவு ஊட்ல அடிக்கிறத சாமி முன்னாலயா அடிப்பீங்க? அத வேணாம்னுதான எங்கப்பன் கோயிலுக்கே வந்தாரு!"

இளம் தோழர்கள் பலர் இந்த மாதிரி பெரியவர்களைப் பார்த்து 'விழிப்புணர்வு இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். ஆயாவின் அப்பாவுக்குப் பறை ஒரு கலையாக இருக்கவில்லை. ஊரில் சாவு விழுந்தால், கூப்பிட்ட நேரத்துக்குப் போய், கூலி கேட்காமல் அடிக்க வேண்டிய வேலை அது. அதைத் தூக்கிப் போட்டது அவருடைய விடுதலைப் போராட்டம். எழுபது ஆண்டு கழித்து நான் அதே பறையைக் கையில் எடுப்பது என் போராட்டம். அவர் கட்டாயத்தை மறுத்தார், நான் இழிவை மறுக்கிறேன். அன்று அவர் தூக்கிப் போடாமல் இருந்திருந்தால், இன்று நான் விரும்பி எடுக்க முடியாது. பறையைத் தொட மறுக்கும் தலித்துகள் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் மறுப்பும் மரியாதைக்கு உரியதுதான்.

எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். பம்மல், நாகல்கேணி, பல்லாவரம் வட்டாரம் முழுக்கத் தோல் பதனிடும் தொழில். எத்தனையோ தலித் குடும்பங்கள் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் கை வெந்து பிழைத்த இடம் இது. அந்தத் தோல் ஷூவாகிக் காலில் ஏறி ஆலயத்துக்குள் வந்தால் யாருக்கும் தீட்டு இல்லை. பறையாகி வந்தால் மட்டும் எப்படித் தீட்டு வரும்?

அசனத்தில் ஒரு உலை, கலியாணத்தில்?

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். சேர்ந்து சாப்பிட்டால் சாதி ஒழிந்துவிடுமா? 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். சமபந்தி போஜனம் போதாது, அகமண முறை உடைய வேண்டும், சாதிக்குப் புனிதம் தரும் சாத்திரங்களின் அதிகாரமும் உடைய வேண்டும் என்றார்.

நம் சபைகளே அதற்குச் சாட்சி. தென் மாவட்டங்களிலிருந்து வந்த வழக்கமாக இப்போது சென்னைப் புறநகர்ச் சபைகளிலும் அசனம் நடக்கிறது. பெரிய அண்டாவில் சோறும் குழம்பும், பந்தியில் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில். 1850-ன் மிஷனரிகள் பார்த்தால் வெற்றி என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் கிறித்தவ மணமகன், மணமகள் விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயர். அண்டா ஒன்றுதான், வீடுகளின் உலை வேறு வேறு.

அப்பாவு சொன்ன உலை ஒரு நாள் விருந்தின் அண்டா இல்லை என்று நான் நினைக்கிறேன். நம் பேச்சில் 'உலை' என்றால் குடும்பம். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் 'தனி உலை வெச்சிட்டாங்க' என்கிறோம். உலை ஒன்றாக இருக்கும்வரை வருமானம் ஒன்று, நிலம் ஒன்று, கடன் ஒன்று, நல்லது கெட்டது எல்லாம் ஒன்று. ஆகவே ஒரே உலையில் சாப்பிட வை என்று கடவுளிடம் கேட்கிறவர், பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் தயாராக இருக்க வேண்டும். சபையின் பள்ளியிலும் கல்லூரியிலும் மருத்துவமனையிலும் வேலையைப் பங்கிடவும், சபை நிலத்தின் கணக்கைத் திறந்து வைக்கவும் தயாராக இருக்க வேண்டும். அம்பேத்கர் கேட்டதற்கும் இந்தப் பாட்டு கேட்பதற்கும் இடையில் நான் பெரிய தூரத்தைப் பார்க்கவில்லை.

அரசும் இதில் ஒரு கட்சிதான். 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் ஆகலாம் என்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையையே நீக்கச் சொன்னது. தலித் கிறித்தவர்களுக்கும் தலித் இசுலாமியர்களுக்கும் கதவு இன்னும் திறக்கவில்லை. கிறித்தவத்தில் சாதி இல்லை என்று அரசு சொல்கிறது. அதே சமயம் திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைப் பிரிக்கச் சுவர் எழுப்பியவர்களும் கிறித்தவர்கள்தான். இரண்டு பக்கமும் தனி உலைதான் நமக்கு.

என் வேலை நிமித்தம் வாரம் இரண்டு நாள் பெரும்பாக்கம் மறுகுடியமர்வு குடியிருப்புக்குப் போகிறேன். நகரத்துக்குள் இருந்த தங்கள் வீடுகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அவை. அங்கே பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைச் சொல்லித்தந்தேன். கிறித்தவப் பிள்ளைகளும் பாடினார்கள், அம்மன் கோயிலுக்குப் போகிற பிள்ளைகளும் பாடினார்கள். ஒரு வாரம் கழித்துப் போனபோது அதில் ஒரு புது வரி சேர்ந்திருந்தது, தண்ணி லாரி நேரத்துக்கு வர வேண்டும் என்று. பரட்டை அண்ணன் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டுச் சிரித்திருப்பார்.

வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் ஆயாவின் அறுபது பாட்டை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவற்றைப் பாடிப் பாடி நம்முடையதாக்கியவர்கள் நம் கிழவிகள். ஆனால் 1829-ஐத் தெரிந்துகொண்டு பாடுங்கள். தமிழில் பாடினாலே அது நம் வழிபாடு ஆகிவிடாது என்பதைத் தெரிந்துகொண்டு பாடுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் சபையிலோ, உங்கள் தெருக் கோயிலிலோ, கல்லூரி விடுதியிலோ அடுத்த முறை பெரிய சமையல் நடக்கும்போது போய்ப் பாருங்கள். யார் வெட்டுகிறார்கள், யார் கிளறுகிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் பாத்திரம் கழுவுகிறார்கள், கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, அவர்கள் காலத்தில் இது எப்படி இருந்தது என்று கேளுங்கள். ராஜநாயக்கனுக்குக் கொடுக்க மறுத்த கிண்ணம் இன்று எங்கே வந்து நிற்கிறது என்பது அப்போது தெரியும்.

ஜெய் பீம்.